தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துத்தான் பார்ப்போம்

ராசிங்காபுரத்தில் எங்கள் காலனிக்கு ஒரு இலவச மருத்துவ முகாம் வந்துபோனது. நடத்தியவர்களின் பெயர் இங்கே முக்கியமல்ல. வேறு பெயரில், வேறு பேனரோடு இதே முகாம் உங்கள் தெருவுக்கும் வந்திருக்கும். வராவிட்டால் இனி வரும். சமுதாயக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள், பிரஷர் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள், பையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், ஏலக்காட்டு வேலைக்குப் போன ஜீப்புகள் மலையிறங்கி வந்த பிறகு, நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பத்து வீட்டுப் பைகளைப் பிரித்துப் பார்த்தோம். கத்தரித்த மாத்திரை அட்டைகள். கத்தரித்ததில் காலாவதித் தேதி இருந்த பக்கம் காணாமல் போயிருந்தது. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் சாம்பிள்கள். இன்னும் மூன்று வாரத்தில் காலாவதியாகப் போகும் இருமல் மருந்து. எழுபது வயதுக்காரரின் பையில் குழந்தைகளுக்கான வைட்டமின் சொட்டு. எந்த மருந்தை எதற்கு, எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு எந்தப் பையிலும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அம்மாச்சி ஒருவர் தலைசுற்றி வாசற்படியில் விழுந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கு வரும் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறவர் அவர். அந்த மாத்திரை அம்லோடிபின். முகாம் பையில் வந்ததும் அதே அம்லோடிபின்தான். கம்பெனி வைத்த பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, அவ்வளவுதான். "டவுன் டாக்டரு குடுத்தாரு ராசா. அரசாங்க மாத்திரையோட சேத்துப் போட்டா வெரசா கேக்கும்னு ரெண்டையும் போட்டேன்" என்றார். விழுந்ததில் எலும்பு முறியவில்லை. அது அதிர்ஷ்டம், முகாம் நடத்தியவர்களின் முன்யோசனை அல்ல.

இதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஊருக்குள் இருந்தும் எங்கள் தெருவுக்குள் இருந்தும் ஒரே பதில் வந்தது: "சும்மா குடுத்ததுக்குக் குறை சொல்றீங்களே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும். இந்தப் பழமொழி மாட்டைக் கொடுத்தவன் பக்கம் நின்று சொன்னது. வாங்கியவன் பக்கம் நின்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. பல் போன மாடு மேயாது. அதற்குத் தீனி அரைத்துக் கொடுக்க வேண்டும், கொட்டகை போட வேண்டும், செத்தால் தூக்கிப் புதைக்க வேண்டும். செத்த மாட்டைத் தூக்குகிற வேலை இந்த நாட்டில் யார் தலையில் கட்டப்பட்டது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தானம் கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கியவனுக்குச் செலவு. பேச்சே இதைப் பற்றித்தான்.

இதைப் பேச உங்களுக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், எங்களிடம் நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது: நாங்களும் இதே தப்பைச் செய்தவர்கள்.

2022 மார்ச் கடைசி. இலங்கையில் டாலர் இல்லை, மருந்து இறக்குமதி நின்றுகொண்டிருந்தது. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை போதனா மருத்துவமனையில் மருந்துத் தட்டுப்பாட்டால் முன்பே நாள் குறித்திருந்த அறுவை சிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள் என்ற செய்தியைப் படித்தோம். மலையகம் எங்களுக்கு அந்நிய நிலம் அல்ல. காப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்ட இங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். நாங்கள் போடிமெட்டு ஏறி ஏலத்துக்குப் போகிறோம். அவர்கள் கடல் தாண்டித் தேயிலைக்குப் போனார்கள். அந்த உணர்ச்சியில் டீக்கடையிலும் மருந்துக்கடையிலும் அட்டைப்பெட்டி வைத்தோம். 'உங்கள் வீட்டில் மீந்த மருந்து ஈழத்தில், மலையகத்தில் ஒரு உயிரைக் காக்கும்' என்று நாங்களே எழுதி ஒட்டினோம்.

இரண்டு வாரத்தில் மூன்று பெட்டி நிறைந்தது. மருந்தாளுநர் படிப்பு முடித்த எங்கள் தெரு அக்கா ஒருவர் தரையில் பாய் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பாதி சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அட்டைகள். மூடி திறந்த சிரப்புகள். வெயிலில் இளகிய கேப்சூல்கள். செத்துப்போனவர்களின் சுகர் மாத்திரை, இதய மாத்திரை. மூன்று பெட்டியில் கப்பல் ஏற்றத் தகுதியானது ஒன்றுகூட இல்லை. அக்கா நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, இத நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பீங்களா?"

கொடுக்க மாட்டோம். அப்படியானால் எந்தத் தைரியத்தில் மலையகத்துப் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்தோம்? "அவர்களுக்கு இதுவே பெரிது" என்ற எண்ணம் எங்கள் மண்டைக்குள்ளும் இருந்திருக்கிறது. காலங்காலமாக எங்களைப் பார்த்து மற்றவர்கள் நினைத்ததை, எங்களைவிட நொந்துபோனவர்களைப் பார்த்து நாங்கள் நினைத்திருக்கிறோம். அந்த மூன்று பெட்டி மருந்தையும் முறையாக அழிக்க ஆள் தேடி அலைந்ததுதான் எங்கள் முதல் பாடம். கொட்டினால் ஓடையில் கலக்கும், எரித்தால் புகை, குப்பையில் போட்டால் பிள்ளைகள் எடுக்கும்.

உலகம் இந்தப் பாடத்தை எங்களுக்கு முன்பே, எங்களைவிடப் பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். உலகமே மருந்து அனுப்பியது. சுமார் 5,000 டன் குவிந்தது. அதில் என்ன மருந்து என்று எளிதில் அடையாளம் காணக்கூடியதாக இருந்தது 30 விழுக்காடுதான். இடிபாட்டில் சிக்கியவர்களைக் காப்பாற்ற வேண்டிய கைகள் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தன. 1989இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த எரித்திரியாவுக்கு ஏழு லாரி காலாவதியான ஆஸ்பிரின் போய்ச் சேர்ந்தது. அதை எரித்து முடிக்க ஆறு மாதம் ஆனது. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்குப் போன மருந்துகளில் சுமார் 17,000 டன் பயனற்றவை என்று கணக்கிட்டார்கள். குண்டு விழுந்த நாட்டுக்குக் குப்பையை அப்புறப்படுத்தும் செலவும் சேர்ந்துகொண்டது.

1993இல் லித்துவேனியாவில் நடந்தது இன்னும் கொடுமை. நன்கொடையாக வந்த ஒரு மருந்தில் விளக்கத்தாள் இல்லை. பெயரை வைத்து உத்தேசமாகப் பெண்களின் கருப்பை நோய்க்குக் கொடுத்தார்கள். அது கால்நடைகளுக்கான குடற்புழு மருந்து. 11 பெண்களுக்குத் தற்காலிகமாகப் பார்வை போனது.

ஆழிப்பேரலை நம் நினைவில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்துக்கு 4,000 டன்னுக்கு மேல் மருந்து வந்து இறங்கியது. அங்கிருந்த மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. வந்த மருந்துகளில் சுமார் 70 விழுக்காட்டின் மேல் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாத மொழியில் எழுதியிருந்தது. 600 டன் மருந்தை அழிக்க மட்டும் 24 லட்சம் யூரோ ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பணத்துக்கு அங்கே எத்தனை செவிலியர்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதே அலை அடித்த நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. மீனவ மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். சாலையோரம் மலையாகக் கிடந்தது. தொட மறுத்தவர்களைத் 'திமிர்' என்று பேசியவர்களும் உண்டு. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன மனிதருக்கும் மானம் இருக்கும் என்பது கொடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. அதே கரையில் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், நிவாரணப் பட்டியலில் விடுபட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அன்றே பதிவு செய்தன. வேண்டாதது மலையாகக் குவிந்த அதே இடத்தில் வேண்டியது சிலருக்குக் கிடைக்கவில்லை. கேட்காமல் கொடுக்கும் தானம் இப்படித்தான் முடியும். யாருக்கு என்ன தேவை என்று கேட்கப் போனால், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதும் கண்ணில் பட்டுவிடும் அல்லவா?

இத்தனை கூத்துக்குப் பிறகு 1996இல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து மருந்து நன்கொடைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 1999இலும் 2010இலும் அவற்றைத் திருத்தினார்கள். அடிப்படைக் கொள்கை நான்கு. பெறுகிறவருக்கு அதிகபட்சப் பயன் கிடைக்க வேண்டும். பெறுகிறவரின் விருப்பத்துக்கும் அதிகாரத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற நாட்டுக்கு ஒரு தரம், வாங்குகிற நாட்டுக்கு ஒரு தரம் என்று இருக்கக் கூடாது. இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். எங்கள் அக்கா பாயில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இதில் மூன்றாவது. ஜெனிவாவில் உட்கார்ந்து எழுதியதும் ராசிங்காபுரத்தில் உட்கார்ந்து கேட்டதும் ஒன்றுதான்.

நடைமுறை விதிகளும் தெளிவாக இருக்கின்றன. கேட்ட மருந்தைத்தான் அனுப்ப வேண்டும். அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்டதாக, அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். நோயாளிக்கு ஒருமுறை கொடுத்துத் திரும்பி வந்த மருந்தும், சாம்பிளும் கூடாது. போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி பாக்கி இருக்க வேண்டும். அங்குள்ள மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில், கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் ஜெனரிக் பெயரும் எழுதியிருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவைக் கொடுக்கிறவரே ஏற்க வேண்டும். எங்கள் காலனிக்கு வந்த பையை இந்த விதிகளின்மேல் வைத்துப் பாருங்கள்; ஒன்றில்கூடத் தேறாது. நாடு விட்டு நாடு போகும் மருந்துக்கு எழுதிய விதி, ஊர்த்தெருவில் இருந்து காலனிக்கு வரும் மருந்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

தோழர்களே, இது வெறும் நிர்வாகக் கோளாறு என்றால் இந்தப் பக்கத்தில் இதை எழுத வேண்டியதில்லை. மீந்ததைக் கொடுப்பது இந்த மண்ணில் ஒரு சட்டமாகவே இருந்திருக்கிறது. மநுவின் நூலில் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்கு மீந்த உணவையும் பழந்துணியையும் பதர் தானியத்தையும் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளனுக்குப் பிணத்தின் துணியை உடையாக்குகிறது. இல்லாததால் கொடுத்த மிச்சம் அல்ல அது. நல்லது இருக்கும்போதும் இவனுக்கு மிச்சம்தான் என்று எழுதிவைத்த மிச்சம். வாங்குகிறவன் தன் இடம் எது என்று தினமும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் குளத்து நீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், மீந்த சோற்றுக்குக் கையேந்துவதை விடுங்கள் என்றும் அறிவுறுத்தினார். பசியோடு இருந்த மக்களிடம்தான் அதைச் சொன்னார். பசித்தவன் மறுக்கக் கூடாது என்பது கொடுப்பவன் வகுத்த விதி. மறுப்பதில்தான் மரியாதை தொடங்குகிறது என்பது அண்ணல் கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 25இல் அதே மகாதில் மநுஸ்மிருதி எரிந்தது. ஆனால் அந்தப் பத்தாம் அத்தியாயத்தின் புத்தி இன்னும் எரியவில்லை. அது இன்றைக்கு மருந்துப் பையாகவும் வருகிறது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். இவற்றை நாங்கள் நேரிலேயே கேட்டிருக்கிறோம்.

"ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல்தானே?" சோற்றுக்கு இது சில நேரம் பொருந்தலாம். மருந்துக்குப் பொருந்தாது. தவறான மருந்து, பழைய மருந்து, பெயர் தெரியாத மருந்து எல்லாம் மருந்தின்மையைவிட மோசம். லித்துவேனியாவின் 11 பெண்களும் எங்கள் அம்மாச்சியும் சாட்சி. பாதி அட்டை ஆன்டிபயாடிக் கொடுத்தால் நோய் பாதிதான் அடங்கும். கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அடுத்த முறை அந்த மருந்து கேட்காது.

"நல்ல மனசோடு கொடுப்பவர்களைப் புண்படுத்தலாமா?" நாங்கள் மூன்று பெட்டி சேர்த்தபோது எங்கள் மனசும் நல்ல மனசுதான். அதனால் அந்த மாத்திரைகளில் ஒன்றுகூடத் தரமானதாக மாறிவிடவில்லை. எல்லோரையும் நல்ல மனசுக் கணக்கில் எழுதவும் முடியாது. விற்காமல் தேங்கிய, காலாவதி நெருங்கும் சரக்கை முறைப்படி அழிக்கக் கம்பெனிக்குப் பணம் செலவாகும். ஏழை நாட்டுக்கோ காலனிக்கோ தள்ளிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். சில நாடுகளில் வரிச் சலுகையும் உண்டு. கூடவே பேனரில் போட ஒரு படமும் கிடைக்கும்.

"மருந்து நன்கொடையே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. மெர்க் கம்பெனி 1987 முதல் ஆப்பிரிக்காவின் ஆற்றுக்குருடு நோய்க்கு ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் காலம் வரைக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்து இன்றுவரை தருகிறது. எந்த நோய், எந்த மருந்து, எத்தனை பேர், யார் கொடுப்பது, எத்தனை ஆண்டு என்று எல்லாம் அந்தந்த நாடுகளோடு பேசி நடக்கிறது. அது நன்கொடை. கிடங்கைக் காலி செய்வது நன்கொடை அல்ல.

எங்கள் பெட்டிகள் டீக்கடையில் நிறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் தமிழ்நாடு அரசு செய்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 ஏப்ரல் 29இல் சட்டமன்றத்தில் தீர்மானம். 80 கோடி ரூபாயில் 40,000 டன் அரிசி, 15 கோடியில் 500 டன் பால்பவுடர், 28 கோடியில் 137 வகை அத்தியாவசிய மருந்துகள் என்று கணக்கோடு அறிவிப்பு. முதலில் தமிழர்களுக்கு மட்டும் என்றிருந்த பேச்சு, பிரித்துக் கொடுக்க வேண்டாம் என்ற குரல் இலங்கைத் தமிழர் பக்கமிருந்தே வந்த பிறகு இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று மாறியது. பொதுமக்களிடம் மீந்த மாத்திரையைக் கேட்கவில்லை, நிதி கேட்டார்கள். மே 18இல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து கிளம்பிய முதல் கப்பலில் 24 டன் மருந்து இருந்தது. எந்த அரசையும் புகழ்வது எங்கள் வேலை அல்ல. ஆனால் பெறுகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் திட்டமே மாறும் என்பதற்கு இது நம் கண் முன்னால் நடந்த உதாரணம்.

அதற்காகத் தரத்தைப் பற்றி நாம் பெருமை பேசிக்கொள்ள முடியாது. 2023இல் இந்தியாவில் தயாரான கண் சொட்டு மருந்தால் 30க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டதாக இலங்கையில் புகார் எழுந்தது. பாதிக்கப்பட்டவர்களில் நுவரெலியா மருத்துவமனை நோயாளிகளும் இருந்தார்கள். 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். இவை விற்ற மருந்துகள், தானம் அல்ல. விற்பனைக்கு வரும் மருந்திலேயே இவ்வளவு ஓட்டை என்றால், ரசீதும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல் வரும் பையில் என்ன இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. சொன்னால் பலனும் இருக்கிறது. 2016 அக்டோபரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஃபைசர் கம்பெனி இலவசமாகத் தருவதாகச் சொன்ன சுமார் 10 லட்சம் நிமோனியா தடுப்பூசிகளை மறுத்தது. 'இலவசம் வேண்டாம், விலையைக் குறை' என்பதே அதன் வாதம். இன்றைக்கு இலவசம் என்று வாங்கினால் நாளைக்கு எந்தக் குழந்தைக்குப் போடுவது, என்ன விலைக்குப் போடுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும். அடுத்த மாதமே அவசரகால மனிதாபிமானப் பணிகளுக்கு அந்தத் தடுப்பூசியின் விலையைக் கம்பெனி குறைத்தது.

கொரோனா காலத்தையும் மறக்க வேண்டாம். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் தடுப்பூசிக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தள்ளிவையுங்கள், நாங்களே தயாரித்துக்கொள்கிறோம் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. பணக்கார நாடுகள் இழுத்தடித்தன. பிறகு தங்களிடம் மீந்ததைத் தானம் கொடுத்தன. 2021 மே மாதம் மலாவி ஏறக்குறைய 20,000 தடுப்பூசிகளை எரித்தது. டிசம்பரில் நைஜீரியா 10 லட்சத்துக்கு மேல் அழித்தது. காலாவதிக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது வந்தவை அவை. அந்த ஒரு டிசம்பரில் மட்டும் ஏழை நாடுகள் 10 கோடிக்கு மேற்பட்ட தடுப்பூசிகளைக் காலாவதி நெருங்கியதால் ஏற்க மறுத்ததாக யுனிசெஃப் சொன்னது. உரிமையைக் கேட்டவனுக்கு மிச்சத்தைக் கொடுத்து வாயை அடைப்பது காலனிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? விடியுமுன் ஜீப்பில் ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போகிற சனம், புறநோயாளிப் பிரிவு மூடிய பிறகுதான் வீடு திரும்புகிறது. எங்களுக்கு முதலில் வேண்டியது மருந்து அல்ல, சாயங்கால நேரத்தில் ஒரு டாக்டர். ஏலக்காட்டில் பூச்சிமருந்து அடிக்கிறவருக்கு வேண்டியது வைட்டமின் பாட்டில் அல்ல. முகமூடியும் கையுறையும், விஷம் ஏறினால் கொடுக்கும் மாற்று மருந்து பக்கத்து அரசு மருத்துவமனையில் எப்போதும் இருப்பில் இருப்பதும். பெண்களுக்கு இரத்தசோகைப் பரிசோதனை. பாம்பு கடித்தால் இராத்திரியில் கிளம்ப வண்டி. இதில் எதையும் பையில் போட்டுக் கொடுக்க முடியாது, படம் எடுக்கவும் முடியாது.

இதில் பாதி நம் உரிமை. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1951லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்தது. தினக்கூலியாக ஜீப்பில் வந்துபோகிறவர் எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் இல்லை என்று கைவிரித்தால், அதைக் கேட்க வேண்டியது நாம். மருந்துக்கும் வழி இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஜெனரிக் பெயரில் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அந்த மாத்திரை நம் வரிப்பணம். அது இருப்பில் இல்லையென்றால் எழுதிக் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், போராடலாம். முகாம் பை நாளைக்கு வராமல் போனால் யாரிடம் கேட்பீர்கள்?

ஆகவே இளைய தோழர்களுக்கு எங்கள் அனுபவத்தில் இருந்து சில வார்த்தைகள்.

வெள்ளமோ போரோ நிலநடுக்கமோ, அடுத்த முறை உங்கள் கல்லூரியில் யாராவது மருந்து சேகரிக்கப் பெட்டி வைத்தால் முதல் ஆளாகப் போய் நிறுத்துங்கள். பெட்டிக்குப் பதில் உண்டியல் வையுங்கள். பணம் கெட்டுப்போகாது, எது தேவையோ அதை, தேவைப்படுகிறவர்களே, பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். மருந்தே அனுப்ப வேண்டும் என்றால் அங்கிருந்து எழுத்தில் பட்டியல் வரட்டும். புதிதாக வாங்கி, அரசு வழியாகவோ அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகவோ அனுப்புங்கள்.

உங்கள் தெருவுக்கு முகாம் வந்தால் வாசலிலேயே கேளுங்கள்: மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள், யாரிடம் வாங்கினீர்கள், காலாவதி எப்போது, மருந்தாளுநர் வந்திருக்கிறாரா, நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைக் கேட்டு எழுதுகிறீர்களா, எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொன்னீர்களா, அடுத்த மாதமும் வருவீர்களா? ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். கோபப்படுகிறவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது அந்தக் கோபத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை மாதம் ஒருமுறை ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் ஜெனரிக் பெயரைப் படியுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தால் சுகாதார நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். அம்மாச்சி விழுந்த பிறகு நாங்கள் இதை எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்துக்கொண்டோம். படித்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போதும்.

அடுத்த முகாமுக்கு எங்கள் காலனியைக் கேட்டு வேறொரு கூட்டம் வந்தது. 'வாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், மருந்துப் பட்டியலை ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள்' என்று எழுத்தில் கொடுத்தோம். இதுவரை பதில் இல்லை. வரட்டும், காத்திருக்கிறோம். பல்லைப் பிடித்துப் பார்ப்போம். நல்ல மாடு என்றால் கட்டிக்கொள்வோம். பல் இல்லாத மாடு என்றால், கொண்டுவந்தவரே ஓட்டிக்கொண்டு போகட்டும்.

ஜெய் பீம்.